ஒரு பொறியினுள் இரண்டு முறைமைகள்

மட்டக்களப்பு வாவியிலே மீன் பாடும் என்பது நம்மூர்ச் சிறுவரும் அறிந்த செய்தி. பூரணையை அடுத்த இரவுகளிற் கல்லடிப் பாலத்தின் அயலிலே தோணியை அசைவின்றி நிறுத்தி, துடுப்பின் அலகை நீரினுள் ஆழ்த்தி, அதன் மறுமுனையைக் காதோடு சேர்த்து வைத்துக் கேட்டோர் அவ்வொலியைப் பற்றிப் பலவாறு எழுதி வைத்துள்ளனர். பாடுவது மீனோ, சிப்பியோ, வேறு யாதோ என்னும் வழக்கு ஒருபுறம் நிற்க. ஈண்டு நம் கருத்துக்கு உரியது அத்துடுப்பு. நீரின் கீழெழும் ஒலி நீரின் மேலிருக்கும் செவிக்குத் தானே தெளிவாக வந்து சேர்வதில்லை. இரண்டினுக்கும் நடுவே ஒரு கோல் வேண்டும். கணினியொன்றினுள் இன்னொரு கணினியை நிறுவி, கண்ணின் உதவியின்றி அதனை ஆளப் புகுவார்க்கு நேரும் இடர் ஏறத்தாழ இத்தகையதே.

இதனை எழுத நேர்ந்த காரணத்தை முதலிற் கூறுதல் முறை. களுவாஞ்சிக்குடியிலே, கல்முனை வீதிக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில் வாழும் இளைஞர் ஒருவர் எம்மிடம் முன்னர்ப் பயின்றவர். சிறுபராயத்திலேயே கண்ணொளியை முற்றாக இழந்தவர். அவரிடம் உள்ளது ஒரேயொரு மடிக்கணினி. அது விண்டோஸ் முறைமையில் இயங்குவது. அதிலே என். வி. டி. ஏ. என்னும் திரைவாசிப்பான் நிறுவப்பட்டுள்ளது. படித்தல், எழுதுதல், மின்னஞ்சல் விடுத்தல், வங்கிக் கணக்கை நோக்குதல் ஆகிய யாவும் அக்குரலின் துணைகொண்டே அவருக்கு நடைபெறுகின்றன. சென்ற ஆண்டு, கணினி வலையமைப்பு நிருவாகம் பற்றிய பாடநெறியொன்றில் அவர் சேர்ந்தபோது, லினக்ஸ் முறைமையையும் கைவரப் பழகுதல் கட்டாயமாயிற்று.

கண்பார்வையுள்ள மாணவர் இந்நிலையிற் செய்வது யாதெனின், வன்தட்டை இரண்டாகப் பகுத்து ஒரு பாதியில் விண்டோசையும் மறுபாதியில் லினக்சையும் நிறுவிக்கொள்வர். பகுக்கும்போது பிழை நேர்ந்தால், திரையில் தோன்றும் எச்சரிக்கையை வாசித்துத் திருத்திக்கொள்வர். இவருக்குப் பிழை நேர்ந்தாலோ, எச்சரிக்கை தோன்றும் அந்தத் தறுவாயிலே குரல் இராது. முன்னொரு முறை, பழுது பார்க்கக் கொடுத்த கடையொன்றில் வன்தட்டைத் துடைத்து முறைமையைப் புதிதாக நிறுவித் திருப்பிக் கொடுத்துவிட்டனர். திரைவாசிப்பானை மீள நிறுவவேண்டும் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. ஒலிச்சுற்றுக்குரிய செலுத்தியும் விடுபட்டமையால், விண்டோசோடு உடன்வரும் நரேற்றர் என்னும் வாசிப்பானும் வாய்திறக்கவில்லை. மச்சான்முறையான ஒருவர் கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வரும்வரை ஒன்பது நாள் அக்கணினி ஊமையாகக் கிடந்தது. ஆதலால் இம்முறை அவர் எம்மிடம் வந்து, “சேர், பழுதாக்கிப் பழக எனக்கு ஒரு பெட்டி வேணும், இந்தப் பெட்டியைப் பழுதாக்க ஏலாது” என்றார். இன்னொரு கணினி வாங்கும் வசதி அவருக்கில்லை. எனவே உள்ள பெட்டியினுள்ளேயே இல்லாத பெட்டியொன்றை உண்டாக்கும் வழியை நாமிருவரும் நாடினோம்.

அவ்வழியை விளக்குமுன், திரைவாசிப்பான் செய்யும் தொழில் இன்னதென வரையறுத்தல் வேண்டும். அப்பெயர் ஒருவகையில் மயக்கந் தருவது. கண் திரையை நோக்குவது போல அக்கருவி திரையை நோக்குவதில்லை. திரையிலே எழுத்தாகத் தோன்றுவதற்கு முன் கணினியின் நினைவகத்தில் அது எவ்வாறு குறிக்கப்பட்டுள்ளதோ, அக்குறியையே எடுத்து ஒலியாக்குகின்றது. நம் நாட்டிலே நெடுங்காலம் வழங்கிய பாமினி எழுத்துரு இதற்கு நல்ல சான்று. அவ்வெழுத்துருவில் ‘அம்மா’ என்று தட்டச்சிட்டாற் கண்ணுக்கு அம்மா என்றே தெரியும். நினைவகத்திற் கிடப்பனவோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் குறிகள். திரைவாசிப்பான் அவற்றையே ஒப்பிக்கும். ‘தமிழ்’ என்னும் சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என ஒலிக்கும். 1991 இல் முதற் பதிப்பு வெளிவந்த யுனிகோட் முறையிலே தமிழெழுத்துகளுக்கெனத் தனிக்குறிகள் வகுக்கப்பட்டமையால், அம்முறையில் எழுதியவற்றைத் தமிழ்க்குரல் உடைய எந்த வாசிப்பானும் தமிழாகவே வாசிக்கும். பழைய வினாத்தாள்களைப் பாமினியிற் கொடுத்துவிட்டு, கட்புலனற்ற மாணவருக்கும் கணினிப் பிரதி வழங்கினோம் என்று மனநிறைவு கொள்ளும் ஆசிரியர் இன்னும் உளர். இதனை எழுதுபவனும் ஒருகாலத்தில் அவருள் ஒருவன்.

எனவே கண்ணுக்குத் தோன்றும் வடிவம் வேறு, பொறி அறிந்துவைத்திருக்கும் பொருள் வேறு. திரைவாசிப்பானின் வரலாறு முழுவதும் இவ்விரண்டினுக்கும் இடையேயுள்ள வெளியைக் கடக்கும் முயற்சியே எனலாம். எம். எஸ். டொஸ் முறைமை வழங்கிய காலத்தில் அவ்வெளி மிகக் குறுகியது. திரையானது 80 எழுத்து அகலமும் 25 வரி நீளமுங் கொண்டதாய், மொத்தம் 2,000 எழுத்துகள் அடங்கும் பலகை போன்றிருந்தது. அவ்வெழுத்துகளின் குறிகள் நினைவகத்தில் வரிசையாகக் கிடந்தன. வாசிப்பான் அவற்றை நேரே எடுத்துக்கொண்டது. விபத்தொன்றிற் பார்வையை இழந்த அமெரிக்கரான ரெட் ஹென்ரர் உருவாக்கிய ஜோஸ் என்னும் வாசிப்பான் 1989 இல் வெளிவந்தபோது அம்முறையையே பின்பற்றிற்று. பின்னர்ப் படங்களும் சாளரங்களும் கொண்ட முறைமைகள் பரவின. எழுத்தும் புள்ளிக்கூட்டமாகத் தீட்டப்படலாயிற்று. திரையிற் கிடக்கும் புள்ளிகளிலிருந்து சொல்லை மீட்பது இயலாமையால், ஒவ்வொரு மென்பொருளும் ‘இஃது ஒரு பொத்தான், இதன் பெயர் இது, இது தெரிவு செய்யப்பட்டுள்ளது’ என்று தன்னைத்தானே அறிவிக்கும் ஏற்பாடு வேண்டியதாயிற்று. மைக்ரோசொஃப்ற் நிறுவனம் 1997 இல் அத்தகைய ஏற்பாடொன்றை விண்டோசில் அமைத்தது. லினக்சிலும் அதனையொத்த வேறோர் ஏற்பாடு உண்டு; ஓர்கா என்னும் வாசிப்பான் அதன்மீதே இயங்குகின்றது. அவுஸ்திரேலியாவில் மைக்கல் கறன் 2006 இல் தொடங்கி, இளமையில் இசைமுகாமொன்றிற் சந்தித்த நண்பரான ஜேம்ஸ் ரேயுடன் சேர்ந்து வளர்த்த என். வி. டி. ஏ. விலையின்றிக் கிடைப்பது. அவ்விருவரும் கட்புலனற்றோர். நம்மூர் இளைஞர் போன்றார்க்குக் கணினி வசப்பட்டமைக்கு அவ்விலையின்மையே முதற்காரணம்.

இவ்விடத்திற் பூனா நகரிற் பிறந்த ரி. வி. இராமன் அவர்களின் கருத்தொன்று நினைவுகூரத்தக்கது. பதினான்கு வயதிற் பார்வையை இழந்த அவர், மும்பை இந்தியத் தொழினுட்பக் கழகத்திற் பயின்று, 1994 இற் கோர்னெல் பல்கலைக்கழகத்திலே கணிதச் சூத்திரங்களை ஒலிவடிவிற் கேட்பிக்கும் முறைபற்றிய ஆய்வுக்குக் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1995 இல் அவர் வெளியிட்ட ஈமாக்ஸ்பீக் என்னும் மென்பொருள், திரையில் வந்து விழுந்ததைப் பின்னாற்சென்று பொறுக்கும் வழக்கத்தை விடுத்து, செயலியின் உள்ளேயே புகுந்து, அது தன் பொருளை அறிந்துள்ள இடத்திலேயே பேச்சைப் பிறப்பித்தது. நாட்காட்டியிலே எண்களின் அடுக்கை வாசிப்பதற்கு மாறாக, இன்ன கிழமை இன்ன திகதி என்று உரைத்தது. பொருளை அறிந்தவனே பேசவேண்டும் என்னும் இக்கொள்கையை மனத்திற் கொண்டால், மெய்நிகர்ப் பொறியிலே நேரும் சிக்கலும் அதன் தீர்வும் எளிதில் விளங்கும்.

மெய்நிகர்ப் பொறி என்பது புதுமை போலத் தோன்றினும் பழையது. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஐ. பி. எம். ஆய்வு நிலையத்தார் 1967 இலே, பெருங்கணினி ஒன்றினைப் பலருக்கும் பங்கிட்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே முழுக்கணினி ஒன்று தம் வசமிருப்பதாகத் தோன்றச் செய்தனர். 1972 இல் அம்முறை அந்நிறுவனத்தின் விற்பனைப் பொருளாக வெளிவந்தது. மேசைக் கணினிக்கு அது வந்து சேரக் காற்றாண்டுக்கு மேலாயிற்று. வி. எம். வெயர் நிறுவனம் 1999 இல் மேசைக்கணினிக்குரிய மெய்நிகர்ப் பொறி மென்பொருளை வெளியிட்டது. 2005 ஆம் ஆண்டின் இறுதி தொட்டு இன்ரெல் நிறுவனமும், அதனையடுத்து ஏ. எம். டி. நிறுவனமும் இப்பணிக்கென்றே தம் செயலிச் சில்லுகளிற் சிறப்பு வசதியை அமைத்தன. மூலநிரல் திறந்த வேர்ச்சுவல்பொக்ஸ் 2007 இல் வந்தது. 2024 நவம்பர் முதல் வி. எம். வெயரின் மேசைப்பதிப்பும் யாவர்க்கும் விலையின்றிக் கிடைக்கின்றது.

இதன் இயல்பு வருமாறு. மெய்யான கணினியிலே முதலில் இயங்கும் முறைமையை ஓம்பும் முறைமை என்போம். அதன்மேல் இயங்கும் மென்பொருளொன்று, செயலி, நினைவகம், வன்தட்டு, திரை, சாவிப்பலகை, ஒலிச்சுற்று ஆகிய அனைத்தும் உடையதாகக் கணினியொன்றைப் பாவனையாகப் படைக்கின்றது. அப்பாவனைப் பொறியில் நிறுவப்படும் இரண்டாவது முறைமை விருந்து முறைமை. விருந்தானது தான் குடியிருப்பது மெய்யான கணினி என்றே கருதித் தன் தொழிலைச் செய்யும். அதன் வன்தட்டென்பது ஓம்பும் முறைமையின் கண்ணுக்கு வெறுமொரு கோப்பு. அக்கோப்பு முற்றாகச் சிதைந்தாலும் வீட்டுக்காரருக்குத் தீங்கில்லை. (நம் பாடநூல்கள் ‘பணிசெயல் முறைமை’ என்பதனைத் தமிழகத்தார் ‘இயங்குதளம்’ என்கின்றனர். 1930 களிற் சென்னையிலே கலைச்சொல்லாக்கத்துக்கு உழைத்த காரைதீவு விபுலாநந்த அடிகள் இன்றிருந்தால் இரு கரையாருக்கும் ஒரே சொல்லை வகுக்க முயன்றிருப்பார் என்று எண்ணத் தோன்றுகின்றது. இக்கட்டுரையில் வெறுமனே ‘முறைமை’ என்றே வழங்குகின்றோம்.)

இனி இடர் எங்கே பிறக்கின்றது எனக் காண்போம். விருந்தின் திரை, ஓம்பும் முறைமையிலே ஒரு சாளரத்தினுள் தோன்றுகின்றது. பார்வையுள்ளவருக்கு அச்சாளரத்தினுள் லினக்சின் பட்டியல்களும் பொத்தான்களும் செவ்வனே தெரியும். ஓம்பும் முறைமையில் வாழும் என். வி. டி. ஏ. வுக்கோ அச்சாளரம் வெறும் புள்ளிப்படலம். அகலம் 1,920 புள்ளி, உயரம் 1,080 புள்ளி உடைய திரையாயின் 20,73,600 வண்ணப்புள்ளிகள், அவ்வளவே. பாமினியிலாவது தவறான எழுத்துகள் கிடைத்தன. இங்கு எழுத்தே இல்லை. பொத்தான் இன்னது என அறிவிக்கும் ஏற்பாடு விருந்தினுள்ளே உண்டு. ஆயின் அவ்வறிவிப்பு விருந்தின் எல்லையைத் தாண்டுவதில்லை. இரு முறைமைகளும் ஒன்றையொன்று அறியாதபடி சுவரெழுப்புவதன்றோ மெய்நிகர்ப் பொறியின் சிறப்பு? பழுது வெளியே பரவாமற் காக்கும் அதே சுவர், பொருளையும் வெளியே விடாமல் மறிக்கின்றது. ஆகவே பொருளை அறிந்த இடத்தில், அதாவது விருந்தினுள்ளேயே, இரண்டாவது வாசிப்பான் ஒன்று இருந்து பேசவேண்டும். அதன் பேச்சு வெளியேயுள்ள செவிக்கு எட்டவேண்டும். நாம் முதலிற் கூறிய துடுப்பு இதுவே.

கோட்பாடு எளிதாயினும் நடைமுறையில் முதற்படியே வழுக்கிற்று. செயலிச் சில்லிலுள்ள சிறப்பு வசதி சில கணினிகளில் மூடிவைக்கப்பட்டிருக்கும். அதனைத் திறக்க, விண்டோஸ் தொடங்குமுன் தோன்றும் அடிப்படை அமைப்புப் பட்டியலுக்குட் செல்லவேண்டும். அங்கே எந்த முறைமையும் இயங்காமையால் எந்த வாசிப்பானும் இல்லை. இத்தனை ஆண்டுகளின் பின்னும் பெரும்பாலான கணினிகளிலே அப்பட்டியல் ஊமையாகவே இருப்பது, உற்பத்தியாளர் எவராலும் நியாயங் கூறவியலாத குறை என்பது எம் கருத்து. 2015 இல் டென்மார்க்கில் தொடங்கப்பெற்ற ‘பீ மை ஐஸ்’ என்னும் கைப்பேசிச் செயலியூடாக உலகில் எங்கோ இருக்கும் தொண்டர் ஒருவரின் கண்ணை இரவல் பெறலாம். எம் மாணவர் அவ்வாறு செய்ய முற்பட்ட இரவிலே களுவாஞ்சிக்குடியில் இணையத்தொடர்பு தளர்ந்திருந்தது. மறுநாட் காலை நாமே சென்று, சாவிகளை அவர் அழுத்த, திரையை வாசித்துக் கொடுத்தோம். இம்முயற்சி முழுவதிலும் பிறர் கண்ணை அவர் நாடியது இவ்வொரு முறையே.

அதன்பின் யாவும் அவர் கையாலேயே நடந்தன. வேர்ச்சுவல்பொக்சின் சாளரங்களிற் சில பகுதிகள் வாசிப்பானுக்கு நன்கு புலப்படாவிடினும், அம்மென்பொருளுக்கு எழுத்துக் கட்டளைகளால் ஏவும் வழியும் உண்டு. பொறியொன்றை உண்டாக்கு, இத்துணை நினைவகங் கொடு, இவ்வொலிச்சுற்றைப் பொருத்து, தொடங்கு என்பனவற்றை வரிவரியாகத் தட்டச்சிட்டால் ஒவ்வொன்றுக்கும் விடையும் எழுத்திலேயே வரும். எழுத்தென்றால் வாசிப்பானுக்குக் குறையில்லை. வி. எம். வெயரிலும் பொறியின் அமைப்பு யாவும் எளிய எழுத்துக்கோப்பு ஒன்றிலேயே பதியப்படுவதால், அதனைத் திறந்து திருத்தலாம். எட்டு ஜிகாபைற் நினைவகமுள்ள கணினியிலே இரண்டை விருந்துக்கு ஒதுக்கினோம். ஆடம்பரமற்ற மேசையமைப்புடைய லினக்சுக்கு அது போதுமானது. விண்டோஸ் 11 ஐ விருந்தாக அழைப்பவர் குறைந்தது நான்கு ஜிகாபைற்றும், 64 ஜிகாபைற் வட்டிடமும் கொடுத்தாக வேண்டும்.

ஒலிச்சுற்றைத் தெரிவதிற் கவனம் வேண்டும். ஏசி 97 என்னும் பழைய வகையைப் பாவனை செய்தால் இக்கால விண்டோஸ் அதற்குரிய செலுத்தியைத் தன்னிடம் வைத்திருப்பதில்லை. நிறுவியபின் விருந்து ஊமையாகும். இன்ரெல் எச். டி. வகையே தக்கது. விண்டோசோடு வரும் ஹைப்பர்-வி என்னும் மெய்நிகர் வசதியிலோ, அடிப்படை நிலையில் ஒலிச்சுற்றே கிடையாது. மேம்பட்ட தொடர்புநிலையிலே ஒலி வரும். ஆனால் விருந்து முறைமை நிறுவப்பட்டு எழுந்தபின்னரே அந்நிலை வாய்க்கும். நிறுவும் போதே குரல் வேண்டுவார்க்கு அது பயன்படாது. பார்வையுள்ளோர் இத்தகைய வேறுபாடுகளைக் கவனியாமலே கடந்துவிடுவர். கட்புலனற்றவர்க்கோ ஒலிச்சுற்றின் பெயரே முதற்கேள்வி.

லினக்ஸ் வகைகளுள் டெபியனைத் தெரிந்தமைக்கும் காரணம் குரலே. அதன் நிறுவற்றட்டுத் தொடங்கும்போது ‘எஸ்’ சாவியையும் அதன்பின் என்ரர் சாவியையும் அழுத்தினால், நிறுவும் பணியின் முதற் கேள்வியிலிருந்தே ஈ-ஸ்பீக் என்னும் பேச்சுப்பொறி பேசத்தொடங்கும். அவ்வாறு நிறுவினால், முடிவில் எழும் முறைமையிலும் பேச்சு தானாகவே ஆயத்தமாயிருக்கும். தொடக்கப் பட்டியல் எப்போது தோன்றும் என்பதை அறிவதெங்ஙனம்? மெய்யான கணினியில் அதனை அறிவிக்கும் சிற்றொலி மெய்நிகர்ப் பொறியில் எமக்குக் கேட்கவில்லை. எம் மாணவர் கண்ட உபாயம் வியக்கத்தக்கது. 2017 முதல் என். வி. டி. ஏ. விலே, விண்டோசின் எழுத்துணரியைக்கொண்டு படத்திலுள்ள எழுத்தைப் பெயர்த்தெடுக்கும் வசதி உண்டு. விருந்தின் சாளரத்தை அவ்வுணரியால் ஒருமுறை வாசிப்பித்தார். பட்டியலின் ஆங்கிலச் சொற்கள், ஓரிரு எழுத்துப் பிழையோடாயினும், செவிக்கு வந்தன. உடனே ‘எஸ்’ அழுத்தினார். சற்றுநேரத்தில், மூக்காற் பேசுவது போன்ற ஈ-ஸ்பீக்கின் குரல் மடிக்கணினியிலிருந்து எழுந்தது. ஈ-ஸ்பீக்குக்குத் தமிழும் தெரியும். ஆயினும் அது பேசும் தமிழ் இயந்திரத் தமிழே. எனினும் இனிய குரல்கள் பல வந்துவிட்ட இந்நாளிலும், எவ்விடத்தும் எவ்வளவு சிறிய பொறியிலும் உடனே எழுந்து பேசுவது அதுவே ஆதலின், அதனைப் பழிக்க எமக்கு மனமில்லை.

இப்போது ஒரே பெட்டியினுள் இரு வாசிப்பான்கள் வாழலாயின. அடுத்த வழக்கு சாவிப்பலகை பற்றியது. வாசிப்பானுக்குரிய கட்டளைகள் யாவும் ஒரு தலைச்சாவியோடு பிறசாவியைச் சேர்த்து அழுத்துவதால் இடப்படுவன. என். வி. டி. ஏ. வுக்கு அத்தலைச்சாவி இன்சேர்ட், ஓர்காவுக்கும் அதுவே. விருந்துக்கென அழுத்தியதை ஓம்பும் முறைமையின் வாசிப்பான் இடைமறித்துக்கொள்ளும். சிலவேளை இரண்டும் ஒருங்கே எழுந்து பேசும். குருமண்வெளித் துறையிலே ஒரே பயணியை இரு தோணிக்காரர் அழைத்தாற்போல அவ்விடத்திற் கூச்சலே மிஞ்சும். இதற்கு எம் மாணவர் செய்த ஒழுங்கு இது: வெளியே உள்ள என். வி. டி. ஏ. வுக்குக் கப்ஸ்லொக்கை மாத்திரம் தலைச்சாவியாக விட்டு, இன்சேர்ட்டை உள்ளே உள்ள ஓர்காவுக்கு உரியதாக்கினார். மேலும், என். வி. டி. ஏ. வுக்கு உறக்கநிலை என்பதொன்றுண்டு. தலைச்சாவியோடு ஷிஃப்ற்றையும் எஸ்ஸையும் அழுத்தினால் அப்போது முன்னிற்கும் செயலியில் மட்டும் அது வாய்மூடிக் கிடக்கும். வேறு செயலிக்குத் திரும்பியதும் விழித்துக்கொள்ளும். விருந்தின் சாளரத்தில் அதனை உறங்கவைத்தலே பெரும்பாலும் நன்று.

சாவிப்பலகை யார் வசமுள்ளது என்பதனை மறவாதிருத்தலும் வேண்டும். வேர்ச்சுவல்பொக்சில் வலப்பக்கக் கொன்ட்ரோல் சாவியைத் தனியே அழுத்தி விட்டால் அது ஓம்பும் முறைமைக்கு மீளும், வி. எம். வெயரிற் கொன்ட்ரோலையும் ஓல்ட்டையும் ஒருங்கே அழுத்தவேண்டும். பார்வையுள்ளவர் திரையின் மூலையிலுள்ள சிறுகுறியை நோக்கி இதனை அறிவர். இவர் அறிவது குரலின் வேறுபாட்டால். வெளிவீட்டுக்குப் பெண்குரலும் மெதுவான நடையும், உள்வீட்டுக்கு ஈ-ஸ்பீக்கின் விரைந்த நடையும் வைத்துக்கொண்டார். எக்குரல் விடையிறுக்கின்றதோ அவ்வீட்டில் நிற்கின்றோம் என்பது உடனே தெளிவாகும். இவ்வேற்பாட்டை எந்தக் கையேட்டிலும் நாம் காணவில்லை, அவரே வகுத்தது.

ஆயினும் முதற்சில நாள் ஒரு குறை நீடித்தது. சாவியை அழுத்தியபின் குரல் எழச் சற்றே சுணக்கம். இடையிடையே ஒலி நறநறத்து அறுந்தது. பாவனை ஒலிச்சுற்று மெய்யான ஒலிச்சுற்றினூடாகப் பேசவேண்டியிருப்பதால் நேர்வது இது. பாட்டுக் கேட்பவர்க்கு அரைவினாடி பெரிதன்று. வாசிப்பானைக் கேட்டு வேலை செய்பவரோ ஒவ்வோர் அம்புச்சாவிக்கும் உடனடி விடை எதிர்பார்ப்பவர். அரைவினாடிச் சுணக்கம் அவரது கையைக் கட்டிவிடும். விருந்துக்கு இரண்டாவது செயலிக்கருவை ஒதுக்கியபின் குறை தணிந்ததாயினும் முற்றாக நீங்கவில்லை.

அதனை நீக்க வேறு வழியுமுண்டு. பேச்சை ஒலியாக அனுப்பாமல் எழுத்தாகவே எல்லைக்கு அப்பால் விடுத்து, ஓம்பும் முறைமையின் குரலாற் பேசவைத்தலே அது. விருந்தும் விண்டோசாக இருப்பின், இரண்டிலும் என். வி. டி. ஏ. வை நிறுவி, 2025 ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து அதனுள்ளேயே அமைந்துள்ள தொலையணுகல் வசதியால் இணைத்துவிடலாம். உள்வாசிப்பான் பேசவிருக்கும் சொற்கள் வெளிவாசிப்பானுக்குச் சென்று அங்கே ஒலிக்கும், ஒலிச்சுற்றே வேண்டியதில்லை. லினக்சிலோ இதனினும் எளிய நெறி உண்டு. வலையமைப்பு நிருவாகம் பயில்வார்க்கு வேண்டுவன பெரும்பாலும் எழுத்துக் கட்டளைகளே. விருந்தைத் திரையின்றிப் பின்னணியில் ஓடவிட்டு, எஸ். எஸ். எச். என்னும் பாதுகாப்பான தொடர்பினால் விண்டோசின் கட்டளைச் சாளரத்திலிருந்து அதனுட் புகலாம். அப்போது விருந்தின் விடைகள் எழுத்தாகவே அச்சாளரத்துக்கு வருகின்றன. வெளியேயுள்ள என். வி. டி. ஏ. தனக்குப் பழகிய குரலில், சுணக்கமின்றி, அவற்றை வாசிக்கின்றது. 25 வரிப் பலகையின் காலம் ஒருவகையில் மீண்டும் வந்தது போலாம்.

எனின், கட்டளைகளே போதுமென்பார்க்கு மெய்நிகர்ப் பொறியின் தொல்லை எற்றுக்கு என்று வினவலாம். விண்டோசினுள்ளேயே லினக்சின் கட்டளைச் சூழலைத் தரும் துணைமுறைமை ஒன்றை மைக்ரோசொஃப்ற் 2016 இல் வெளியிட்டது உண்மை. சொற்ப தேவைக்கு அதுவே சாலும். ஆனால் முழுமுறைமையொன்றை வெற்றுத்தட்டிலிருந்து நிறுவுதல், மேசையமைப்பை ஓர்காவால் ஆளுதல், தொடங்க மறுக்கும் முறைமையைத் தேற்றுதல் ஆகியன அதிற் கைவரா. தொழிலுக்குச் செல்பவரை இக்கேள்விகளே எதிர்கொள்ளும்.

எல்லாவற்றினும் எம் மாணவரைக் கவர்ந்தது நிலைப்பதிவு என்னும் வசதி. விருந்தின் இக்கணத்து நிலை முழுவதையும் ஒரு பெயரிட்டுப் பதிந்துவைத்து, பின்னர் எப்போது வேண்டுமாயினும் அக்கணத்துக்கே மீளலாம். குரல் செவ்வையாக ஒலித்த முதல் நாளன்றே அவர் ஒரு பதிவு செய்து, அதற்குக் ‘கரை’ எனப் பெயரிட்டார்.

சென்ற மாதம் ஒரு நாள் இரவு பத்து மணியளவில் அவரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. வட்டிடத்தை மீதப்படுத்தும் எண்ணத்தோடு தேவையற்றவை எனத் தோன்றிய பொதிகள் சிலவற்றை லினக்சிலிருந்து நீக்கியதாகவும், அவற்றோடு ஒலிக்குரிய சேவையும் நீங்கிவிட, சொல்லின் நடுவிலேயே ஓர்கா நின்றுபோனதாகவும் கூறினார். நாம் ஏதோ ஆறுதல் கூற முற்பட்டோம். அவர் குரலிற் கலக்கமேதும் இருக்கவில்லை. வலப்பக்கக் கொன்ட்ரோலை அழுத்தியதும் வெளிவீட்டின் பெண்குரல் வழக்கம்போல விடையிறுத்ததாம். ஒரு கட்டளையால் விருந்தை நிறுத்தி, ‘கரை’க்கு மீட்டு, மீளத் தொடங்க இரண்டு நிமிடமும் ஆகவில்லையாம். அதன்பின், குரலை நிறுத்தியது எந்தப் பொதி என்பதை அறிவதற்காக, அவற்றை ஒவ்வொன்றாக நீக்கி நீக்கி, மூன்று முறை வேண்டுமென்றே ஊமையாக்கிப் பார்த்ததாகவும் கூறினார்.